காற்றைக் கவனியுங்கள்: ஃபேட் டயர் மின்சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு

சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விதான். "எவ்ளோ விலை சார்?" "ஒரு சார்ஜுக்கு எவ்ளோ தூரம் போகும்?" இவ்வளவு பெரிய டயரைப் பார்த்துத்தான் கேட்கவே தோன்றுகிறது, ஆனால் டயரைப் பற்றிக் கேட்பவர் இல்லை. திருவான்மியூரில் இருந்துகொண்டு மூன்று வருடமாக 20 × 4 அளவு ஃபேட் டயர் (நான்கு அங்குல அகலம்) போட்ட மடக்கு வகை மின்சைக்கிளை ஓட்டிவருகிறேன். அது சுகமாக ஓடுவதும், மணலில் புதைவதும், வளைவில் ஒரு பக்கம் இழுப்பதும், டியூப் கிழிவதும் பெரும்பாலும் டயருக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைப் பொறுத்தே நடக்கிறது. அதனால் காற்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுவேன். வாங்குவதிலிருந்து தொடங்கலாம்.

இது உங்களுக்குத் தேவைதானா

நான்கு அங்குல டயர் பிறந்தது அலாஸ்காவின் பனிப்பாதைகளில். 1980களின் இறுதியில் அங்கே குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டியவர்கள், பனியில் சக்கரம் புதையாமல் இருக்க ரிம்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வெல்டு செய்து அகலப்படுத்தினார்கள். 2005இல் சர்லி நிறுவனம் 'பக்ஸ்லி' என்ற சைக்கிளைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த டயர் சாதாரணக் கடைகளுக்கு வந்தது. மோட்டார் அப்புறம் சேர்ந்தது. பனிக்குச் செய்தது மணலுக்கும் சேற்றுக்கும் அப்படியே பொருந்துகிறது. நம் ஊர்ச் சாலையில் தோண்டி மூடாமல் விட்ட பள்ளங்களுக்கும் பொருந்துகிறது என்பது என் அனுபவம்.

ஆனால் நீங்கள் நல்ல தார்ச்சாலையில் மட்டும் அலுவலகம் போய்வருபவர் என்றால், இரண்டு அங்குல டயர் போட்ட மின்சைக்கிளே நல்லது. அது எடை குறைவு, இன்னும் தூரம் போகும், டியூப் எந்தக் கடையிலும் கிடைக்கும். கடற்கரை, மண்பாதை, வயல்வரப்பு ஓரம், உடைந்த தெரு என்று போகிறவர்களுக்குத்தான் ஃபேட் டயர்.

எடையைப் பற்றி ஒன்று. என் வண்டி பேட்டரியோடு 27 கிலோ. நிரம்பிய சமையல் காஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. அதை மாடிக்குத் தூக்கியிருந்தால் என்ன சொல்கிறேன் என்று புரியும். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் இருப்பவர்கள், வண்டியைக் கீழேயே பூட்டி வைக்கப் பத்திரமான இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேட்டரியை மட்டும் கழற்றி மேலே கொண்டுபோகலாம், அது மூன்று கிலோ அளவில்தான் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல், பேட்டரி வாகனத்துக்கான வரையறையிலேயே விலக்கும் இருக்கிறது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (அரைமணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி) 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. பெடலோடு சேர்ந்து இயங்கும் சைக்கிளில், 25 கி.மீ. வந்ததும் மோட்டார் தானாக விலக வேண்டும். நல்ல பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் வேண்டும். இவற்றைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம் சரிபார்த்துச் சான்று தந்திருந்தால், அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவெண், ஓட்டுநர் உரிமம் எதுவும் தேவையில்லை.

அந்தச் சான்றின் நகலைக் கடையிலேயே கேட்டு வாங்கி, கைப்பேசியில் ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 750 வாட் வரை மின்சைக்கிளாக ஏற்கும் விதி இருப்பதால், அந்த ஊருக்குச் செய்த வண்டிகளும் மோட்டார்களும் இணையத்தில் கண்ணில் படும். இங்கே அது பதிவு செய்ய வேண்டிய வாகனம். "ஒரு வயரை வெட்டிவிட்டால் 40இல் போகும்" என்று சொல்லும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள். யாரையாவது இடித்துவிட்டால், பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டியவராக நீங்கள் நிற்பீர்கள். அந்த பிரேக்கும் சட்டகமும் 40 கி.மீ. வேகத்துக்குச் செய்தவையும் அல்ல. உரிமம் வேண்டாத வண்டி என்றாலும் ஹெல்மெட் போடுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

"60 கிலோமீட்டர் போகும்" என்ற அட்டையை விட்டுவிட்டு பேட்டரியில் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். வோல்ட்டை ஏ.எச்.சால் (ஆம்பியர்-அவர்) பெருக்கினால் வாட்-அவர் வரும், பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்ற கணக்கு அது. 36 வோல்ட், 10 ஏ.எச். என்றால் 360. பெடலை நன்றாக மிதித்து மோட்டாரின் குறைந்த உதவியில் போனால் கிலோமீட்டருக்கு 10 முதல் 12 வாட்-அவர் செலவாகும். த்ராட்டிலை மட்டும் திருகிக்கொண்டு போனால் 18, 20 கூட ஆகும். ஆக 360 வாட்-அவர் பேட்டரி உங்கள் காலைப் பொறுத்து 18 கி.மீ.யும் போகும், 35 கி.மீ.யும் போகும். திருவான்மியூரிலிருந்து கோவளம் போய்த் திரும்ப ஐம்பதுக்கு மேல். அந்தப் பயணத்துக்கு இந்தப் பேட்டரி போதாது. மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எதிரே அடிக்கும் நாளில் இன்னும் குறையும்.

அடுத்து, பெடல் சென்சார் எந்த வகை என்று கேளுங்கள். விலை குறைந்த வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார் இருக்கும். அரைச் சுற்று மிதித்ததும் மோட்டார் சட்டென்று இழுக்கும், நிறுத்தினாலும் ஒரு நொடி கழித்துத்தான் விடும். கால் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் இருந்தால் உதவி மெல்ல ஏறும். மணலில் ஓட்ட நினைப்பவர்களுக்கு இரண்டாவதுதான் என் சிபாரிசு, விலை கூடினாலும். முதல் வகைதான் கைக்கு எட்டுகிறது என்றால், சிக்னலில் நிற்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே இருங்கள். பிரேக்கைப் பிடித்தால் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. கடையில் சக்கரத்தைத் தூக்கி அதைச் சோதித்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

பிரேக் இரண்டு பக்கமும் டிஸ்க்காக இருக்க வேண்டும். கேபிள் டிஸ்க்கே போதும், பழுது பார்ப்பது எளிது.

கடைசியாக, அதே அளவு டியூப் ஒன்று தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். தெருமுனை சைக்கிள் கடையில் 20 × 4 டியூப் இருக்காது. டியூப் இல்லை என்று கடைக்காரரே கைவிரித்தால், வேறு கடை பாருங்கள்.

முதல் வாரம்

பெட்டியிலிருந்து வந்த வண்டியை நம்பி அப்படியே ஏறாதீர்கள். ஹேண்டில்பார் போல்ட், பெடல், கிராங்க், இரண்டு சக்கர நட்டுகள், மடக்கும் கீல் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. புது வண்டியில் எல்லாம் ஒருமுறை தளரும், ஸ்போக் கம்பிகளும் தளரும். அந்த நேரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துக் கோட்டம் எடுக்கச் சொன்னால் சக்கரம் பல வருடம் நிற்கும்.

புது டிஸ்க் பிரேக் முதல் நாள் பிடிக்காது. காலியான தெருவில் 20 கி.மீ. வேகத்துக்கு வந்து, ஒரு பிரேக்கை மட்டும் சீராக அழுத்தி நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது முறை இப்படிச் செய்தால் பேட் டிஸ்க்கோடு படிந்துவிடும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஒரு துளி டிஸ்க்கில் பட்டால் பேடை மாற்ற வேண்டிவரும்.

காற்று

சாதாரண சைக்கிளில் காற்று இறுக்கமாக இருப்பதே நல்லது என்று கட்டைவிரலால் அழுத்திப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை இங்கே விட வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். நானும் வண்டியும் சேர்ந்து சுமார் 100 கிலோ. அதில் 60 கிலோ, அதாவது சுமார் 132 பவுண்டு, பின் சக்கரத்தில் இறங்குகிறது. டயரில் 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு அழுத்தம்) காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 7 சதுர அங்குலம். அதையே 8 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் 17 சதுர அங்குலம் ஆகிறது. ஈர மணலை ஒரு விரலால் குத்தினால் உள்ளே போகும், உள்ளங்கையை வைத்து அழுத்தினால் போகாது. டயர் புதைவதும் மிதப்பதும் இதே போலத்தான்.

என் எடைக்கு நான் வைக்கும் அளவுகள் இவை. தார்ச்சாலைக்கு 20, பின் சக்கரத்துக்கு 22. செம்மண், கப்பிச் சாலைக்கு 14. அலை வந்துபோகும் ஈர மணலுக்கு 10. காய்ந்த மணலுக்கு 7 அல்லது 8. நீங்கள் 60 கிலோ என்றால் ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு குறையுங்கள், 90 கிலோ என்றால் கூட்டுங்கள். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் எல்லைதான் கடைசி வார்த்தை.

தார்ச்சாலையில் 30 வைத்தால் என்ன ஆகும்? வண்டி லேசாக ஓடுவதுபோல் இருக்கும், ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பந்து போல் எகிறும். ஃபேட் டயரில் துள்ளலை அடக்க எதுவும் இல்லை. குறைந்த காற்றே அந்த வேலையைச் செய்கிறது. சரி, தார்ச்சாலையில் 8 வைத்தால்? ஹேண்டில்பார் கனக்கும். வளைவில் திருப்பினால் நாம் நினைத்ததற்கு மேல் தானாகவே திரும்பும். முதல்முறை இதை உணர்பவர்கள் ஹேண்டிலில் பழுது என்று கடைக்குக் கொண்டுபோகிறார்கள். காற்றை ஏற்றினால் சரியாகிவிடும்.

குறைந்த காற்றுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, மோட்டார் வண்டிக்கே உரியது. பின் சக்கர மோட்டார் ரிம்மைத் திருப்பும்போது, டயர் இறுக்கமாக உட்காராவிட்டால் ரிம் மட்டும் சற்று முன்னே நகரும். டயரும் டியூபும் பின்தங்கும். வால்வு ரிம்மின் ஓட்டையில் மாட்டிச் சாய்ந்து, ஒருநாள் அடியோடு கிழியும். அந்தக் கிழிசலுக்கு ஒட்டுப் போட முடியாது. என் முதல் டியூப் இப்படித்தான் போனது. வால்வு நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறை காற்று பார்க்கும்போதும் கவனியுங்கள். சாய்ந்திருந்தால் காற்றை முழுவதும் இறக்கி, டயரைக் கையால் திருப்பி நேராக்கி, மறுபடி அடியுங்கள். மணலில் காற்றைக் குறைக்கும்போதும் பின் சக்கரத்தில் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. கூடுதலாக விடுவது இதற்காகத்தான்.

இவ்வளவுக்கும் ஒரு கருவி வேண்டும்: 30 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் அழுத்தமானி. நூறு வரை காட்டும் மானியில் 7க்கும் 10க்கும் வித்தியாசம் தெரியாது. சைக்கிள் பம்ப்பில் நான்கு அங்குல டயரை நிரப்பக் கை ஓய்ந்துவிடும். சார்ஜ் செய்து வைத்துக்கொள்ளும் சிறிய காற்றடிப்பான் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் காற்று வேண்டவே வேண்டாம் என்பேன். அந்த வால்வு நம் டியூபுக்குப் பொருந்தும், ஆனால் அங்கே காற்று வரும் வேகத்துக்கு இரண்டு நொடியில் எல்லையைத் தாண்டிவிடும்.

கடற்கரையில்

மணலில் இறங்குவதற்கு முன்பே சிறிய கியருக்கு மாற்றுங்கள். உதவியை இரண்டாம் நிலையில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தபடியே சீராக மிதியுங்கள். எழுந்து மிதித்தால் எடை முன்னால் போய்ப் பின் சக்கரம் தோண்டத் தொடங்கும். ஹேண்டிலைச் சட்டென்று திருப்பாதீர்கள், பெரிய வட்டமாக வளையுங்கள். புதைந்துவிட்டால் த்ராட்டிலைத் திருகிப் போராட வேண்டாம், மோட்டார் சூடாகும். இறங்கித் தள்ளுங்கள். மறுபடி தார்ச்சாலை ஏறியதும் காற்றை ஏற்றாமல் ஓட்டாதீர்கள்.

குப்பங்களுக்கு அருகே கரையில் வலை காயும், படகுக் கயிறு மணலுக்குள் மறைந்து ஓடும். அங்கே இறங்கி உருட்டிக்கொண்டு போவதுதான் முறை. வலை ஒருவரின் பிழைப்பு. மேட்டு மணலில் படர்ந்திருக்கும் அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கும் செடிகள். அவற்றின் மேல் ஏற்றாதீர்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடும் காலம். அலை எட்டாத மேட்டு மணலில் முட்டைகள் புதைந்திருக்கும், குஞ்சு பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். அதனால் வருடத் தொடக்கத்திலிருந்து மே வரை இரவில் கடற்கரைக்கு வண்டியோடு போகவே வேண்டாம். நம் வண்டியின் முகப்பு விளக்கைக் கடலின் வெளிச்சம் என்று நம்பிக் குஞ்சுகள் திசை மாறும். பகலிலும் ஈர மணலில் மட்டும் ஓட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உப்பைக் கழுவ வேண்டும், அன்றே. ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு துணி போதும். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தக் குழாயைக் காட்டினால், மோட்டார் அச்சின் வயர் வழியாகவும் பேரிங் வழியாகவும் தண்ணீர் உள்ளே போய்விடும். துடைத்துக் காயவைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புத் தண்ணீருக்குள் சக்கரத்தை இறக்கிப் படம் எடுப்பவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

மழையில்

தூறலில் ஓடும். ஆனால் 20 அங்குல வண்டியில் மோட்டாரின் நடு அச்சு தரையிலிருந்து சுமார் ஒரு அடி உயரம்தான். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் இறங்காதீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரி வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அதைச் சார்ஜில் போடக் கூடாது.

பேட்டரி

கூடவே வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். 36 வோல்ட் பேட்டரி நிறைந்த நிலையில் 42 வோல்ட் இருக்கும், 48 வோல்ட் வகை 54.6 வரை போகும். முள் பொருந்துகிறது என்று ஒன்றின் சார்ஜரை மற்றதில் சொருகினால் தீப்பிடிக்கும் அபாயம். ஓட்டிவந்து அரைமணி ஆறவிட்டுச் சொருகுங்கள். 36 வோல்ட், 10 ஏ.எச். பேட்டரிக்கு 2 ஆம்பியர் சார்ஜர் ஐந்து மணி நேரம் எடுக்கும், அரை யூனிட்டுக்குக் குறைவாகவே மின்சாரம் ஆகும். தூங்கும்போது சார்ஜ் வேண்டாம். வாசல் கதவுக்கு அருகிலும் வேண்டாம், ஏதாவது நடந்தால் வெளியேறும் வழி அதுதான். பேட்டரி உப்பினாலோ, இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ, கீழே விழுந்து ஓட்டில் விரிசல் விட்டாலோ, அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுப் போகாதீர்கள். ஊருக்குப் போய் ஒரு மாதம் ஓட்டாமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். முழுவதும் நிறைந்தும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம்.

பஞ்சர்

நான்கு அங்குல டயரையும் நெருஞ்சி முள் துளைக்கும். சீமைக் கருவேல முள்ளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டியூபுக்குள் அடைப்புத் திரவம் ஊற்றிவைத்தால் சின்ன முட்களைச் சமாளிக்கலாம். பெரிய முள்ளுக்கு ஒட்டுத்தான்.

ஒருமுறை பனையூர் பக்கம் பின் டயர் இறங்கியது. பஞ்சர் கடைத் தம்பி மோட்டாரையும் வயரையும் பார்த்துத் தயங்கினான். "இதுல கரண்ட் அடிக்குமாண்ணே?" பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்துக் காட்டிய பிறகுதான் தொட்டான். அந்தத் தம்பியிடம்தான் பின் சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டுப் போடலாம் என்று கற்றேன். இப்படிச் செய்யுங்கள்:

1. சுவிட்சை அணைத்து பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள்.
2. மீதிக் காற்றை இறக்கி, டயரைச் சுற்றிலும் அமுக்கி ரிம்மிலிருந்து விடுவியுங்கள். செயின் இல்லாத பக்கம் டயரின் விளிம்பை லீவரால் வெளியே எடுங்கள்.
3. டியூபை வெளியே இழுத்துக் கொஞ்சம் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். அதே இடத்தில் டயருக்குள் விரலை மெல்ல ஓட்டி முள்ளைத் தேடி எடுங்கள். இதை மறந்தால் ஐந்தே நிமிடத்தில் அடுத்த பஞ்சர்.
4. உரசி, சொல்யூஷன் தடவி, அது காய்ந்த பிறகு ஒட்டுப் போட்டு அழுத்துங்கள். டியூபை உள்ளே தள்ளி, முறுக்கு விழாமல் பார்த்து, டயரை ஏற்றுங்கள்.

டியூபையே மாற்றுவதானால்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கு 18 எம்.எம். ஸ்பேனர் வேண்டியிருக்கும். உங்கள் நட்டின் அளவை வீட்டிலேயே பார்த்து வையுங்கள். மோட்டார் வயரின் இணைப்பைத் திருகாமல் நேராக இழுத்துப் பிரியுங்கள். நட்டையும் வாஷரையும் கழற்றும் வரிசையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல் வைத்த வாஷர் ஒன்று இருக்கும். மோட்டார் திருகும்போது அச்சு சுழலாமல் பிடிப்பது அதுதான். அது தலைகீழாக மாட்டினாலோ நட்டு தளர்ந்திருந்தாலோ, அச்சு ஒரு சுற்று சுற்றி வயரை அறுத்துவிடும். அப்படி அறுந்தால் மோட்டாரைப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

திரும்ப மாட்டும்போது இணைப்பின் இரண்டு அம்புக்குறிகளும் நேருக்கு நேர் வரும்படி வைத்து அழுத்துங்கள். நட்டுகளை நன்றாக இறுக்கி, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றி, டிஸ்க் உரசுகிறதா என்று பாருங்கள். பிறகு பேட்டரியைப் போட்டுக் குறைந்த உதவியில் ஓடவிட்டுப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி, அந்த இரண்டு நட்டுகளையும் இன்னொரு முறை முறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.